வெளங்குது, வாய்தான் வரமாட்டேங்கு!
(குழுவில் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி நடத்துவது எப்படி?)



சில மாதங்களுக்கு முன்னால் வெளியூரில் நடந்த ஒரு விற்பனைக் கண்காட்சிக்கு நம்ம விக்கிரமசிங்கபுரம் பகுதிக் குழு ஒன்று வத்தல், வடகம், அப்பளம் கொண்டு போயிருந்தது. கடையில் நின்ற சகோதரி பன்னிரண்டாம் வகுப்பு தேறியவர். குழுவின் கணக்கு நோட்டை அவர்தான் எழுதுகிறார். வெளிமாநிலத்து அம்மா ஒருவர் வந்தார். வடகத்தைக் கையில் எடுத்துப் பார்த்து ஆங்கிலத்தில் மூன்று கேள்வி கேட்டார். இதில் சோடா உப்பு சேர்த்திருக்கிறதா? எத்தனை மாதம் கெடாமல் இருக்கும்? ஐம்பது பாக்கெட் கூரியரில் அனுப்ப முடியுமா?

மூன்று கேள்வியும் நம்ம சகோதரிக்குப் புரிந்தது. பதிலும் மனசுக்குள் இருந்தது. ஆனால் வாயில் "எஸ்... எஸ் மேடம்..." தவிர வேறு எதுவும் வரவில்லை. சோடா உப்பு உண்டா என்ற கேள்விக்கும் அதே "எஸ்"தான். நம்ம வடகத்தில் சோடா உப்பே கிடையாது! வந்த அம்மா பாக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விட்டார்.

ஊருக்குத் திரும்பி வந்ததும் அந்தச் சகோதரி எங்களிடம் சொன்னது இதுதான்: "எல்லாம் வெளங்குச்சு மேடம். வாய்தான் வரமாட்டேங்கு. வெளங்காமலே இருந்திருந்தாக்கூட இவ்வளவு வருத்தம் வந்திருக்காது."

ஐம்பது பாக்கெட் போனது ஒரு நஷ்டம். படித்திருந்தும் வாயடைத்து நின்ற அந்த அவமானம் அதைவிடப் பெரிய நஷ்டம். இந்த நிலையில் நம்ம கூட்டமைப்பில் நிறையப் பேர் இருக்கிறோம். அதனால்தான் இந்தக் கட்டுரை.

யார் இந்த "நடுப்படி"க்காரர்கள்?

மொழி கற்பவர்களை மூன்று படியாகப் பிரித்துப் பார்க்கலாம். எழுத்தே தெரியாதவர்கள் முதல் படி. தடையில்லாமல் பேசி எழுதுகிறவர்கள் மேல்படி. இரண்டுக்கும் நடுவில் நிற்பவர்கள்தான் நாம் சொல்லும் நடுப்படிக்காரர்கள். ஐரோப்பியக் கவுன்சில் 2001-ல் வெளியிட்ட மொழி அளவுகோலில் மொத்தம் ஆறு படிகள். அதில் மூன்றாவதும் நான்காவதும் இந்த நடுப்படி. முன்பின் தெரியாத ஊருக்குப் போனால் கடை, பேருந்து, தங்கும் இடம் என்று அன்றாட வேலைகளை அந்த மொழியிலேயே பேசி முடித்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது படியில் ஒருவர் இருக்கிறார் என்பதற்கு அதுதான் அடையாளம்.

நம்ம உறுப்பினர்களில் பத்தாவது, பன்னிரண்டாவது படித்தவர்கள் பலர் இதில் ஒரு வினோதமான இடத்தில் இருக்கிறார்கள். படிக்கச் சொன்னால் படிப்பார்கள். மருந்துப் பெட்டியில் எழுதியிருப்பதையும் வங்கிப் படிவத்தையும் வாசிப்பார்கள். பிறர் பேசினால் பாதிக்கு மேல் புரிகிறது. பேச்சில் மட்டும் முதல் படியிலேயே நிற்கிறார்கள். காதும் கண்ணும் மேலே போய்விட்டன, வாய் கீழேயே நிற்கிறது.

இது நமக்கு மட்டும் உள்ள குறை என்று எண்ண வேண்டாம். கனடா நாட்டில் மாண்ட்ரீல் நகரத்துக்கு அருகே செயின்ட் லாம்பர்ட் என்ற ஊரில், ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளைகளுக்கு எல்லாப் பாடத்தையும் பிரெஞ்சு மொழியிலேயே சொல்லிக் கொடுக்கும் வகுப்பு 1965-ல் தொடங்கியது. பெற்றோர்கள் போராடிக் கேட்டு வாங்கிய வகுப்பு அது. பின்னால் நாடு முழுக்க இந்த முறை பரவியது. பல வருஷம் இப்படிப் படித்த பிள்ளைகளுக்கு பிரெஞ்சு மொழியைக் கேட்டுப் புரிந்துகொள்வதில் பெரிய குறை இல்லை. பேச்சிலும் எழுத்திலும் அந்த அளவுக்கு வளரவில்லை. இதை ஆராய்ந்த மெரில் ஸ்வெயின் என்ற பெண் பேராசிரியர் 1985-ல் ஒரு விஷயம் சொன்னார். கேட்பது மட்டும் போதாது, சொல்லவேண்டிய கட்டாயம் வரும்போதுதான் நமக்கு என்ன தெரியவில்லை என்பதே நமக்குத் தெரிகிறது என்றார். நாள் முழுக்க அந்த மொழி காதில் விழுந்த பிள்ளைகளுக்கே அந்தக் கதி என்றால், பாடவேளையில் மட்டும் படித்த நம்மை நாமே குறை சொல்லிக்கொள்ள என்ன இருக்கிறது?

நாங்கள் செய்த தவறு

கண்காட்சிச் சம்பவத்துக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு வகுப்பு தொடங்கினோம். பதினெட்டுப் பேர் பேர் கொடுத்தார்கள். நாங்களும் உற்சாகமாகக் கரும்பலகையை மாட்டி, நிகழ்காலம், இறந்தகாலம், எதிர்காலம் என்று அட்டவணை போட்டோம். வாரத்துக்கு முப்பது வார்த்தை மனப்பாடம் செய்யச் சொன்னோம். ஆறாவது வாரம் வந்தவர்கள் ஐந்தே பேர்.

வராதவர்களில் ஒருவரைத் தெருவில் பார்த்துக் காரணம் கேட்டோம். ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிட்டார்: "இதெல்லாம் பள்ளிக்கூடத்துலயே படிச்சாச்சு மேடம். அன்னைக்கும் பேசல, இன்னைக்கும் பேசல. ஒரு மணி நேரத்துல முக்கா மணி நேரம் நீங்கதான் பேசுதீங்க."

சுருக்கென்று இருந்தது. உண்மையும் அதுதான். பேச்சு வகுப்பு என்று பேர் வைத்துவிட்டு நாங்களே பேசிக்கொண்டிருந்தோம். அவர்களுக்கு இல்லாதது வார்த்தை என்று நினைத்தோம். வார்த்தை அவர்களிடம் இருந்தது. அதை எடுத்துச் செலவழிக்க ஒரு இடம்தான் இல்லை. சேமிப்பு இருந்தும் உள்கடன் கொடுக்காத குழுவைப் போல, பணம் பெட்டியிலேயே கிடந்தது.

நாம் பேசக் கற்றது எப்படி?

உங்கள் குழுவின் முதல் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். தன் பேரைச் சொல்லவே எத்தனை பேர் கூச்சப்பட்டோம்? "எங்க வீட்டுக்காரர் பேரு..." என்று ஆரம்பித்தவர்களும் உண்டு. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவரைத் தள்ளிவிட்டவர்களும் உண்டு. அதே பெண்கள் இன்றைக்கு வங்கி மேலாளரிடம் கடன் ஏன் தாமதம் என்று கேட்கிறார்கள். கிராம சபையில் தெருவிளக்குக்காக எழுந்து பேசுகிறார்கள்.

தர்மபுரி மாவட்டத்தில் 1989-ல் பெண்கள் குழுக்கள் தொடங்கி, பிறகு 1997 முதல் மகளிர் திட்டம் என்று தமிழகம் முழுக்கப் பரவியபோது, யாரும் பெண்களை உட்கார வைத்து "பேசுவது எப்படி" என்று பாடம் நடத்திப் பேச வைக்கவில்லை. சந்தா யார் கட்டவில்லை, கடன் யாருக்கு முதலில், வட்டி எவ்வளவு என்று பேசியே ஆகவேண்டிய காரியம் இருந்தது. காரியம் இருந்ததால் பேச்சு வந்தது. ஊக்குநரும் பிரதிநிதிகளும் பயிற்சியில் கற்றதைவிடக் கூட்டத்தில் கற்றதே அதிகம்.

நம்ம ஊரிலேயே இதற்கு இன்னொரு உதாரணம் இருக்கிறது. 1880-களில் ஹார்வி சகோதரர்கள் தாமிரபரணித் தண்ணீரின் வேகத்தை நம்பி இங்கே பஞ்சாலை கட்டினார்கள். அதில் வேலைக்குப் போனவர்களில் பள்ளிக்கூடம் பார்க்காதவர்களும் உண்டு. ஆனாலும் ஷிப்ட், பாபின், ஸ்பின்னிங் எல்லாம் நம்ம ஊர்ப் பேச்சிலேயே கலந்துபோச்சு. கரும்பலகையில் எழுதிப் போட்டு வந்த வார்த்தைகள் இல்லை. வேலையோடு வந்தவை.

ஆங்கிலத்துக்கும் இதே வழிதான். காரியத்தை முன்னால் வையுங்கள், பேச்சு பின்னால் வரும்.

இதைச் செய்து பார்த்தவர்

இப்படி ஒரு முறையைத் தென்னிந்தியப் பள்ளிக்கூடங்களிலேயே ஒருவர் செய்து பார்த்திருக்கிறார். அவர் பேர் என்.எஸ். பிரபு. சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் ஆங்கிலக் கல்வி அலுவலராக இருந்தவர். 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னை, கடலூர் ஆகிய ஊர்களின் சில பள்ளி வகுப்புகளில் இலக்கணப் பாடத்தையும் வாக்கிய மனப்பாடத்தையும் ஓரமாக வைத்துவிட்டு, பிள்ளைகளுக்கு வேலை கொடுத்தார். ரயில் கால அட்டவணையைப் பார்த்து எந்த வண்டியில் போகலாம் என்று கண்டுபிடிப்பது, வரைபடத்தைப் பார்த்து வழி சொல்வது மாதிரியான வேலைகள். அந்த அனுபவத்தை 1987-ல் புத்தகமாக எழுதினார். இன்றைக்கு உலகம் முழுக்க மொழி ஆசிரியர்கள் அதைப் படிக்கிறார்கள்.

அவர் சொன்னதில் நமக்கு வேண்டியது இரண்டு.

ஒன்று, "இடைவெளி". இரண்டு பேருக்கும் ஒரே விஷயம் தெரிந்திருந்தால் பேச என்ன இருக்கிறது? ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாமல் இருக்க வேண்டும். இது தகவல் இடைவெளி. கையில் இருக்கும் தகவலை வைத்து யோசித்து ஒரு விடை காண்பது இரண்டாவது வகை. அவரவர் கருத்தைச் சொல்லி ஒரு முடிவுக்கு வருவது மூன்றாவது வகை.

இரண்டு, "முன்வேலை". நேரடியாக வேலையைக் கொடுத்துத் தனியே விட்டுவிடக் கூடாது. அதே மாதிரி ஒரு வேலையை முதலில் ஆசிரியர் எல்லோரோடும் சேர்ந்து செய்து காட்ட வேண்டும். அதற்குப் பிறகு பிள்ளைகள் தாங்களாகச் செய்ய வேண்டும்.

பிரபு தன் வகுப்பில் பேச்சை வற்புறுத்தவில்லை. பிள்ளைகளைத் தங்களுக்குள் பேசவிடுவதைவிட ஆசிரியரோடு பேசுவதே நல்லது என்று கருதினார். ஆனால் நம்ம உறுப்பினர்களுக்கு வாய் பழகுவதுதான் தேவை. அதனால் அவருடைய இடைவெளியை எடுத்துக்கொண்டு, இரண்டிரண்டு பேராக உட்கார வைத்தோம்.

உரையாடல் என்றால் என்ன?

ஒரே உரலில் இரண்டு பேர் உலக்கை போட்டு நெல் குத்துவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு உலக்கை இறங்கும்போது மற்றது ஏறும். ஒருத்தி நிறுத்தினால் மற்றவளும் நிறுத்த வேண்டும். உரையாடலும் அப்படித்தான். நமக்கு எத்தனை வாக்கியம் தெரியும் என்பதைவிட, எதிராளி உலக்கை இறங்கியதும் நம்ம உலக்கை ஏறுகிறதா என்பதுதான் முக்கியம்.

பள்ளிக்கூடத்தில் நாம் படித்தது தனி உலக்கை. கேள்விக்கு ஒரு பதில், அத்தோடு முடிந்தது. உரையாடலுக்கு இன்னும் நான்கு பழக்கம் வேண்டும்.

1. பதிலோடு ஒன்றைக் கூட்டுதல். "சோடா உப்பு உண்டா?" என்று கேட்டால் "நோ" என்று நிறுத்தாமல், "நோ சோடா. ஒன்லி ரைஸ், சால்ட், ஜீரா" என்று சேர்த்துச் சொல்வது.

2. திருப்பிக் கேட்டல். "ஹவ் மெனி பாக்கெட்ஸ் யூ வான்ட்?" "விச் ஊர்?" என்று கேட்டாலும் சரி. திருப்பிக் கேட்டால் பேச்சு நம்ம கைக்கு வந்துவிடும். அவர் பேசும் நேரத்தில் நாம் அடுத்ததை யோசித்துக்கொள்ளலாம்.

3. புரியாததைச் சமாளித்தல். "சாரி, ஒன்ஸ் மோர்", "ஸ்லோலி ப்ளீஸ்", "யூ மீன் ஃபிஃப்டி?" இந்த மூன்றும் வாயில் இருந்தால் எந்தப் பேச்சிலும் தடுக்கி விழ மாட்டோம்.

4. நேரம் வாங்குதல். "ஜஸ்ட் எ மினிட்", "லெட் மீ சீ" என்று சொல்லிவிட்டு யோசிப்பது. பேசாமல் நின்றால் நமக்குத் தெரியாது என்று எதிராளி நினைப்பார். இதைச் சொல்லிவிட்டு நின்றால் காத்திருப்பார்.

வார்த்தை மறந்துபோனால் சுற்றி வளைத்துச் சொல்லவும் பழக்க வேண்டும். "உளுந்து" என்பதற்கு ஆங்கில வார்த்தை தெரியாவிட்டால் "இட்லி, தோசா பருப்பு, பிளாக் அண்ட் ஒயிட்" என்றால் யாருக்கும் புரியும்.

ஒரு மணி நேர வகுப்பு எப்படி நடத்தலாம்?

வாரக் கூட்டம் முடிந்ததும் நடத்தலாம். பெரிய படிப்புப் படித்தவர் வேண்டும் என்பதில்லை. குழுவில் பன்னிரண்டாவது படித்த ஒருவர் போதும். கல்லூரிக்குப் போகும் மகள்களையும் கூப்பிடுங்கள். தமிழக அரசு 2022 மார்ச் 1-ல் தொடங்கிய "நான் முதல்வன்" திட்டத்தில் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சியும் உண்டு. நேர்முகத் தேர்வில் வாயடைத்துப் போவது பிள்ளைகளுக்கும் இருக்கிற பிரச்சினைதான்.

முதல் பத்து நிமிஷம், சும்மா பேச்சு. காலையிலிருந்து என்ன செய்தோம் என்பதைப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வது. கேட்பவர் கட்டாயம் இரண்டு கேள்வி திருப்பிக் கேட்க வேண்டும்.

அடுத்த பத்து நிமிஷம், முன்வேலை. நடத்துபவர் ஒருவரைக் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் அன்றைய வேலையின் சின்ன மாதிரி ஒன்றைச் செய்து காட்டுவது. தேவைப்படும் ஐந்தாறு வார்த்தைகளைப் பலகையில் எழுதுவது. ஐந்தாறுதான், முப்பது இல்லை!

அடுத்த இருபத்தைந்து நிமிஷம், இரண்டு சீட்டு வேலை. இதுதான் வகுப்பின் உயிர். நாங்கள் நடத்திய ஒன்றைச் சொல்கிறோம்.

விற்பவர் சீட்டு: பாக்கெட் 60 ரூபாய். கையில் 25 பாக்கெட்தான் இருக்கிறது. மீதி திங்கட்கிழமை வரும். 30 பாக்கெட்டுக்கு மேல் வாங்கினால் நூற்றுக்குப் பத்து தள்ளுபடி.

வாங்குபவர் சீட்டு: வீட்டு விசேஷத்துக்கு 40 பாக்கெட் வேண்டும். விசேஷம் செவ்வாய்க்கிழமை. பூண்டு ஆகாது. கையில் 2,000 ரூபாய்தான் இருக்கிறது.

ஒருவர் சீட்டை ஒருவர் பார்க்கக் கூடாது. பேசித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 பாக்கெட் 2,400 ரூபாய். தள்ளுபடி 240 போனால் 2,160. இன்னும் 160 ரூபாய் உதைக்கும். அந்த 160 ரூபாய்க்காகத்தான் இந்த வேலையே! பாக்கெட்டைக் குறைப்பதா, விலையைக் குறைப்பதா, மீதியைப் பிறகு வாங்கிக்கொள்வதா என்று பேசாமல் முடியாது. முதல் நாள் இதைக் கொடுத்தபோது, ஆறு வாரமாக வாய் திறக்காத ஒரு அக்கா, "நோ நோ! லாஸ் ஃபார் மீ! ஆயில் காஸ்ட், கேஸ் காஸ்ட், மை ஹேண்ட் பெயின் காஸ்ட்!" என்று போட்ட போட்டில் வகுப்பே அதிர்ந்தது. இலக்கணம் பார்த்தால் பிழைதான். வியாபாரம் பார்த்தால் ஒரு பிழையும் இல்லை.

இதே மாதிரி வாராவாரம் மாற்றலாம். அம்பாசமுத்திரம் ரயில் நிலையத்தில் இறங்கிய வெளியூர்க்காரருக்குப் பாபநாசம் கோயிலுக்கும் அகஸ்தியர் அருவிக்கும் வழி சொல்வது. ஒருவர் கையில் பேர் எழுதிய வரைபடம், மற்றவர் கையில் பேர் இல்லாத வரைபடம். கல்லிடைக்குறிச்சி அப்பளம், பத்தமடைப் பாய் என்று நம்ம ஆற்றங்கரைப் பொருள்களைப் பற்றி விளக்குவது. பாய்க்கு என்ன புல், எப்படிச் சுருட்டி வைக்க வேண்டும், தண்ணீர் பட்டால் என்ன செய்வது என்று கேட்பதற்கு எவ்வளவோ இருக்கிறது. குழுவிடம் 20,000 ரூபாய் இருந்தால் மாவு அரைக்கும் இயந்திரம் வாங்குவதா, கூடுதல் ஆர்டருக்குப் பொருள் வாங்குவதா என்று நாலு பேர் பேசி முடிவெடுப்பது. இது மூன்றாவது வகை இடைவெளி.

கடைசிப் பதினைந்து நிமிஷம், திரும்பச் சொல்லலும் திருத்தமும். நியூசிலாந்துப் பேராசிரியர் பால் நேஷன் எடுத்துச் சொன்ன ஒரு பயிற்சி இதற்கு நன்றாக உதவும். ஒரே விஷயத்தை ஒருவரிடம் நான்கு நிமிஷம் சொல்ல வேண்டும். பிறகு வேறு ஒருவரிடம் அதையே மூன்று நிமிஷத்தில், மூன்றாமவரிடம் இரண்டு நிமிஷத்தில். விஷயம் மாறாததால் மூன்றாம் முறை வாய் தடுமாறுவது குறையும். நம்ம ஆட்கள் புதுசாகப் பழகும்போது மூன்று, இரண்டு, ஒன்று என்று வைத்துக்கொண்டோம்.

நடத்துபவர் கவனத்துக்கு

கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருங்கள். அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970-களில் வகுப்பறைகளைக் கவனித்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டு ஏறக்குறைய ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். மூன்று நொடி காத்திருந்த வகுப்புகளில் பிள்ளைகளின் பதில் நீளமாக வந்தது. மூன்று நொடி என்பது வகுப்பில் நிற்கும்போது மூன்று நாழிகை மாதிரி இருக்கும். மனசுக்குள் எண்ணிக்கொள்ளுங்கள்.

பேசும்போது நடுவில் மறித்துத் திருத்தாதீர்கள். நோட்டில் குறித்துக்கொண்டு, கடைசியில் பேர் சொல்லாமல் மூன்றே மூன்று பிழையைப் பலகையில் எழுதி, "இதை எப்படிச் சொல்லலாம்?" என்று எல்லோரிடமும் கேளுங்கள். அவர்களே திருத்துவார்கள். ஆனால் எதிராளிக்கு அர்த்தமே மாறிப்போகிற பிழை என்றால் அங்கேயே கேட்டுத் தெளிவுபடுத்த வேண்டும். ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் மாறினால் நஷ்டம் நமக்குத்தானே?

ஜோடியை வாராவாரம் மாற்றுங்கள். நன்றாகப் பேசுகிறவர் எப்போதும் ஒருவரோடே இருந்தால் மற்றவர் தலையாட்டிக்கொண்டே இருப்பார்.

தமிழை விரட்டாதீர்கள். சீட்டைப் படித்துப் புரிந்துகொள்ளவும் யோசிக்கவும் தமிழ் இருக்கட்டும். பேரம் பேசும் இருபது நிமிஷம் மட்டும் ஆங்கிலம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது சிரிப்பு. ஒருத்தி தப்பாகச் சொல்லி மற்றவர்கள் சிரித்தால் அடுத்த வாரம் அவள் வரமாட்டாள். நம்ம குழு ஒன்றில் இதற்காகத் தீர்மானப் புத்தகத்திலேயே எழுதிவிட்டார்கள்: "இங்கிலீசு வகுப்பில் சேர்ந்து சிரிக்கலாம், ஒருத்தரைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. மீறினால் பத்து ரூபாய் அபராதம்." எல்லோரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். எங்களுக்குத் தெரிந்து எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் இதைவிட நல்ல யோசனை இல்லை.

உறுப்பினர்கள் கேட்ட கேள்விகள்

"தப்புத் தப்பாப் பேசினா அதுவே பழகிப் போயிராதா?" நியாயமான பயம். பேசிவிட்டு அப்படியே விட்டால் சில பிழைகள் நிலைத்துவிடும். கனடாப் பிள்ளைகளிடமும் இதைப் பார்த்தார்கள். அதனால்தான் கடைசியில் மூன்று பிழை திருத்தமும், திரும்பச் சொல்லலும் வைத்திருக்கிறோம். ஆனால் பேசாமலே இருந்தால் திருத்துவதற்கு ஒன்றுமே இருக்காது.

"செல்போன்ல பாத்துப் படிச்சாப் போதாதா?" காதுக்கு நல்லது, தாராளமாகப் பாருங்கள். ஆனால் பேரத்தில் 160 ரூபாய் உதைத்தால் முகத்தைச் சுளிக்கிற எதிராளி நேரில் வேண்டும்.

"எங்க வீட்டுல, இந்த வயசுல என்னத்துக்கு இங்கிலீசுன்னு கேக்காவ." குழுவில் சேர்ந்தபோதும் இப்படித்தான் கேட்டார்கள். அன்றைக்கு என்ன பதில் சொன்னீர்களோ, அதையே இன்றைக்கும் சொல்லுங்கள்.

"ஆங்கிலம் மட்டும்தானா?" இல்லை. பாபநாசம் வரும் கேரளத்துக்காரர்களோடு மலையாளம், வடக்கே கண்காட்சிக்குப் போனால் இந்தி என்று எதற்கும் இதே சீட்டு உதவும்.

முடிவாக...

கண்காட்சியில் வாயடைத்து நின்ற அதே சகோதரி இப்போது வகுப்பு நடத்துகிறார். சமீபத்தில் பாபநாசத்தில் கடை போட்டிருந்தபோது, அருவிக்கு வந்த வெளிமாநிலக் குடும்பம் ஒன்று வடகத்தைப் பார்த்து நின்றது. வேகமாக ஏதோ கேட்டார்கள். இவருக்குப் பாதிதான் புரிந்தது. "ஜஸ்ட் எ மினிட் மேடம். ஸ்லோலி ப்ளீஸ்" என்றாராம். அவர்கள் சிரித்துக்கொண்டே மெதுவாகத் திருப்பிக் கேட்டார்கள். எப்படிப் பொரிப்பது என்றுதான் கேட்டிருக்கிறார்கள். "ஆயில் ஹாட், ஃபயர் ஸ்மால், டூ செகண்ட்ஸ், டேக்" என்று கையால் காட்டிச் சொல்லி, "யுவர் ஹவுஸ், ஹவ் மெனி பீப்பிள்?" என்று திருப்பியும் கேட்டிருக்கிறார். ஏழு பேர் என்றார்கள். ஆறு பாக்கெட் விற்றது.

ஐம்பது பாக்கெட் இல்லை, ஆறுதான். ஆனால் அன்றைக்குச் சாயந்திரம் எங்களுக்குப் போன் செய்து அவர் சொன்னது விற்பனைக் கணக்கை இல்லை. "மேடம், அவங்க காத்திருந்தாங்க மேடம். நான் சொல்லுத வரைக்கும் நின்னு கேட்டாங்க."

சகோதரிகளே, நம்ம பேச்சைக் கேட்க ஆட்கள் காத்திருப்பார்கள். நாம்தான் ஆரம்பிக்க வேண்டும். அடுத்த வாரக் கூட்டத்தில் சந்தா, கடன் வேலை முடிந்ததும் பத்து நிமிஷம் ஒதுக்குங்கள். இரண்டு துண்டுச் சீட்டு எழுதுங்கள். ஒன்றில் விற்பவர், ஒன்றில் வாங்குபவர். இடையில் ஒரு 160 ரூபாய் உதைக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். என்ன நடந்தது என்று தீர்மானப் புத்தகத்தில் இரண்டு வரி எழுதி, கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது கொண்டு வாருங்கள். எல்லாக் குழுவின் சீட்டுகளையும் சேர்த்து வைத்தால் அதுவே நம்ம பாடப் புத்தகம்.